அழுக்கின் எடை

பளிச்சக்காவுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. தெருவில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்ததே அதனால்தான். அவள் கைக்குப் போன துணி கறையோடு திரும்பி வந்ததாக ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். இருபது வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறாள். கீழே துவைக்கும் இயந்திரம் இரண்டு, இஸ்திரி மேசை, அழியாத மையில் துணிக்குறி போடும் பேனா. நடுவில் இரண்டு அறை வீடு. அதற்கும் மேலே மொட்டை மாடி, அதில் ஆறு கொடிக்கயிறு.

தெருவின் வடக்கு முனையில் நின்று நிமிர்ந்தால் ஆலையின் புகைபோக்கி தெரியும். இரும்பு உருக்குகிற ஆலை. நிமிராவிட்டாலும் தெரியும், காலையில் ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் போதும். பளிச்சக்கா அந்த விளிம்பை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைப்பாள். கொடியில் போட்ட வெள்ளை விரிப்புகளைக் காற்று திரும்பும் திசையைப் பார்த்து ஓடி ஓடி எடுப்பாள். கடையில் கீழே சிந்தும் குண்டூசி பொறுக்க ஒரு காந்தம் வைத்திருந்தாள். சோப்புக்கட்டி அளவு இருக்கும். இரண்டு நாள் மேசையில் கிடந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக மயிர் மயிராகத் தூசி ஒட்டிக்கொள்ளும். காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது, சவரம் பண்ணிவிடு என்று அவள் கணவர் கேலி செய்வார்.

கணவருக்கு ஆலையில் உலை வேலை, இருபத்தொரு வருஷம். தெரு அவரை உலைக்காரர் என்றே கூப்பிடும். ஐந்து வருஷமாக இருமல். ஆலை டாக்டர் அவர் சீட்டில் எழுதிவைத்திருப்பது புகைப்பழக்கம் என்று. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத மனுஷன். அதைச் சொன்னதற்கு, பக்கத்தில் யாராவது பிடிப்பார்கள் இல்லையா என்றாராம் டாக்டர். பக்கத்தில் பிடிப்பது எது என்று அந்த அறை ஜன்னலைத் திறந்தாலே தெரிந்திருக்கும். குளிர்சாதனம் போட்ட அறை, ஜன்னலை எதற்குத் திறக்கப் போகிறார்.

அவர்களுக்கு ஒரே மகள், பதினாறு வயது. ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். மொத்தம் இருபத்திரண்டு படி. கீழேயிருந்து பளிச்சக்கா கத்துவாள். சோம்பேறிக் கழுதை, பதினாறு வயசில் எனக்கு நாற்பது படி ஏறி இறங்கின கால் என்பாள். பெண் பதில் பேசமாட்டாள். பதில் பேசத்தான் மூச்சு வேண்டுமே.

அந்த மாடியில்தான் பெட்டி இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காற்றை அளக்கும் இலாகாவிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். பகலும் ராத்திரியும் வீட்டில் ஆள் இருக்கிறது, மாடிவரை மின்சாரம் இருக்கிறது, இடம் சுத்தமாக இருக்கிறது என்று இந்த மாடியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி ஒரு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். உள்ளே நோட்டுப்புத்தகப் பக்கம் அளவில் ஒரு வெள்ளைக் காகிதம். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் அந்தக் காகிதத்தை எடுத்து, மடித்து, உறையில் போட்டு வைத்தால் பெட்டிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவர் காட்டிக்கொடுத்தது அவ்வளவுதான். காகிதத்தை வைத்து என்ன செய்வார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அதில் ஏதோ மருந்து தடவியிருக்கும், அது காற்றைக் கண்டுபிடிக்கும் என்று இவளாக நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் காகிதத்தை எடுத்தபோதே அவளுக்குப் பகீரென்றது. வெள்ளையாகப் போனது கரிபிடித்த சட்டியின் அடி மாதிரி இருந்தது. அவள் வீட்டிலிருந்து அப்படி ஒரு பொருள் வெளியே போவதா? அதுவும் அரசாங்க ஆபீசுக்கு? சட்டைக் காலர் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்று உண்டு. காகிதம் கிழியாமல் மூன்று தடவை இழுத்தாள். ஒட்டியிருந்தது உதிர்ந்து சாம்பல் நிறத்துக்கு வந்தது. உதிர்ந்ததை மாடியில் தட்டினால் கொடித்துணியில் போய் உட்காரும். அதனால் ஒரு தட்டில் பிடித்து, பால்பவுடர் டப்பாவில் கொட்டி, மூடியை அழுத்தி வைத்தாள். நிறைந்ததும் தூக்கிப் போடலாம் என்று இருந்தாள். நிறையவில்லை. ஒன்பது வருஷம், வாரம் இரண்டு காகிதம், முக்கால் டப்பாதான் ஆகியிருந்தது.

பெட்டிக்காரர் இரண்டாம் வாரமே உறைக்குள் எட்டிப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்கக்கா. இப்படியே குடுங்க" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒன்பது வருஷத்தில் அவள் வேலையை வாய்விட்டுப் பாராட்டிய ஒரே ஆபீஸ் ஆள் அவர்தான்.

போன வருஷம் ஒரு டாக்டரம்மா வந்தார். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி என்றார். இந்தத் தெருவிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலைக்காற்று போகாத இன்னொரு தெருவிலும் வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள், ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பெரிய டாக்டர் என்ற தோரணை கொஞ்சமும் இல்லாத பெண். தன் வெள்ளைக் கோட்டைப் பளிச்சக்காவிடமே துவைக்கப் போட்டார். இந்தச் செவ்வாய்க்கிழமை முடிவைச் சொல்ல அவளையும் மகளையும் கூப்பிட்டிருந்தார்.

சின்ன அறை. மேசையில் இரண்டு கோடு போட்ட படங்கள். பெண்ணின் வயசுக்கும் உயரத்துக்கும் ஊதவேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றார் டாக்டரம்மா. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் என்றார். ரத்தத்திலும் வித்தியாசம் தெரிகிறது என்றார்.

"ரத்தத்துல என்ன தெரியுது?" என்று கேட்டாள் பளிச்சக்கா.

"மரபணுன்னு ஒண்ணு இருக்குல்ல, அம்மா அப்பாகிட்டேருந்து வர்றது. அது மாறல. ஆனா வருஷக்கணக்கா கெட்ட காத்தை இழுத்தா, அது மேல இருக்கற சின்னச் சின்னக் குறிகள் மாறுது. சில இடத்துல புதுசா விழுது, சில இடத்துல இருந்தது போயிடுது. எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அந்தக் குறிதான் உடம்புக்குச் சொல்லுது. உங்க பொண்ணு ரத்தத்துல இருக்கற குறியைப் பார்த்தா அவளைவிட ரொம்ப மூத்தவங்க ரத்தம் மாதிரி இருக்கு."

பளிச்சக்கா டாக்டரம்மாவின் கோட்டுக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கம் அவளே போட்ட குறி, அழியாத மையில்.

"நாங்க துணிக்குப் போடற குறி மாதிரியா?" என்றாள். "குறி போட்டா துணி மாறாது. ஆனா வெந்நீர்ல போடறதா, கஞ்சி போடறதா, தனியாத் துவைக்கறதான்னு குறியைப் பார்த்துத்தான் கை வேலை செய்யும். தப்புக் குறி விழுந்துச்சுன்னா நல்ல துணியும் நாசமாப் போகும்."

"இதைவிட நல்லா எனக்குச் சொல்ல வராதுங்க" என்றார் டாக்டரம்மா.

"துவைச்சா போகுமா?"

"காத்து நல்லாயிட்டா சிலது கொஞ்சம் கொஞ்சமாப் போகலாம். சிலது போகாது. எது எதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. தனியா ஒரு ஆளைக் காட்டி இதனாலதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. தெருவையே சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியுது. ஆனா ஒண்ணு, நுரையீரல் இருபது வயசு வரைக்கும் வளரும். உங்க பொண்ணுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த நாலு வருஷத்துல அவ என்ன காத்தை இழுக்கறாங்கறதுதான் முக்கியம்."

நாலு வருஷம். ஆலையில் இரண்டாவது புகைபோக்கி கட்டப்போகிறார்கள். அதற்கு அனுமதி கொடுக்கலாமா என்று வருகிற சனிக்கிழமை நகர மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். டாக்டரம்மாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்போல. பெருமூச்சு விட்டார். கூட்டத்தில் நான் பேசினால் எடுபடாது என்றார். ஒன்பது வருஷப் பதிவு இருக்கிறது, அது இந்தத் தெருக் காற்று சுத்தம் என்கிறது. அந்தப் பதிவு உங்கள் மாடிப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. பெட்டி ஒன்று சொல்கிறது, ரத்தம் ஒன்று சொல்கிறது, ஏன் என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன் என்றார்.

பளிச்சக்கா மெதுவாகக் கேட்டாள். "அந்தக் காகிதத்தை வெச்சு என்ன பண்ணுவாங்க?"

"எடை போடுவாங்க. பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, எடுத்த பிறகு ஒரு எடை. நடுவுல கூடின எடைதான் அழுக்கு. அந்த அழுக்குதான் கணக்கு."

எழுந்திருக்கப் போனவள் திரும்ப உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டதற்குத் தலைசுற்றல் என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் மகள் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தாள். மூன்றாம் தடவை நின்றபோது கேட்டாள்.

"அப்போ நான் சோம்பேறி இல்லையாம்மா?"

பளிச்சக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவள் மூச்சு சீராகும்வரை வெயிலில் பக்கத்திலேயே நின்றாள்.

உலைக்காரர் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள், பிரஷ்ஷையும் டப்பாவையும் சேர்த்து. அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தெருவில் வாய் திறக்காதே என்றார் முதலில். ஒன்பது வருஷமாக எங்கள் காற்றைத் துடைத்து அனுப்பினவள் நீதானே என்று உன்னைத்தான் கிழிப்பார்கள் என்றார். அது பொய்யில்லை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார்.

"ரெண்டாவது புகைபோக்கி வந்துச்சுன்னா புது ஆளுங்களை எடுப்பாங்க. என்னை உலையிலேருந்து எடுத்து சாமான் ரூமுக்கு மாத்தறேன்னிருக்காரு மேனேஜர். இந்த இருமலோட இன்னும் எத்தனை நாளைக்கு உலை முன்னாடி நிக்கறது, சொல்லு."

"உங்களை உலையிலேருந்து எடுத்துட்டு அவளைத் தூக்கி உலையில வைக்கறாங்க. அது தெரியலையா உங்களுக்கு?"

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். இருமல் வந்துவிட்டது, அது நிற்கவும் நேரமாயிற்று.

புதன்கிழமை பூராவும் பளிச்சக்கா வேலை செய்தாள். கோபத்தில் அவள் இஸ்திரி போட்ட வேகத்துக்கு நான்கு நாள் துணி ஒரே நாளில் முடிந்தது. நகர மண்டபத்து மேசை விரிப்புகளும் அதில் இருந்தன, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு. கோபம் முழுக்கத் தன் மேல்தான். படிக்காத முட்டாளே, சுத்தம் சுத்தம் என்று பெண்ணின் மூச்சைத் துடைத்துக் கொடுத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியை டக் டக்கென்று வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் காகிதத்தை எடுத்தாள். கரேலென்று இருந்தது. கை தானாகப் பிரஷ்ஷுக்குப் போயிற்று. இழுத்து நிறுத்திக்கொண்டாள். தூசி உதிராமல் அப்படியே மடித்து உறையில் போட்டாள்.

பெட்டிக்காரர் வந்தார். உறையை வாங்கினார், உள்ளே பார்த்தார், முகம் மாறிற்று.

"என்னக்கா, இன்னைக்கு பிரஷ் போடலியா?"

பிரஷ் போடுகிறாள் என்று அவரிடம் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. படியில் இறங்கப் பார்த்தார். பளிச்சக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அந்த ஆள் தப்பித்திருப்பார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அக்கா, நான் சின்ன வேலையில இருக்கறவன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து" என்றார் அவர். "மேல போய்ச் சொன்னேன்க்கா. அந்தம்மா அழுக்கைத் தட்டிட்டுக் குடுக்குது, சொல்லிக் குடுக்கணும்னு சொன்னேன். எடை குறைச்சலா வந்தா உனக்கு என்ன நஷ்டம், வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டு வான்னாங்க. அவங்களுக்கும் ஆலைக்கும் ரொம்ப நெருக்கம். நான் என்ன பண்ணட்டும்?"

"சுத்தமா இருக்கு, இப்படியே குடுங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே."

அவர் உறையை அவள் கையில் திணித்துவிட்டு விலகிப் போய்விட்டார்.

அதுவரை தன் மேல் இருந்த கோபம் அப்போதுதான் வாசலைத் தாண்டி வெளியே போயிற்று. அவளுக்குத் தெரியாது, சரி. அவர்களுக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்கு அழுக்கு பிடிக்காது என்பதைக் கண்டுபிடித்து, அந்த நல்ல பழக்கத்தைக் கொண்டே அவள் பிள்ளையின் தொண்டையை அடைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷம் வாரம் இரண்டு தடவை அவள் வீட்டுப் படியேறி, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சனிக்கிழமை நகர மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் நீள மேசை, பளிச்சக்கா துவைத்த வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. நடுவில் கூட்டத் தலைவர், பக்கத்தில் இலாகா அதிகாரி, ஆலை மேனேஜர். பின்வரிசையில் ஆலை ஆட்கள். உலைக்காரரும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி பதிவைப் படித்தார். ஒன்பது ஆண்டுகள், ஒரு மாதம்கூட எல்லையைத் தாண்டவில்லை என்றார். டாக்டரம்மா எழுந்து ரத்தம், மூச்சு, குறி என்று பேசினார். அதெல்லாம் ஆராய்ச்சி, எங்களிடம் இருப்பது அளவு என்றார் அதிகாரி. வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார் தலைவர், யாரும் பேசமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

பளிச்சக்கா எழுந்தாள். கையில் பால்பவுடர் டப்பா. மகளும் கூடவே வந்தாள்.

"அந்த அளவு தப்புங்க" என்றாள். "ஒம்பது வருஷமா காகிதத்தை நான்தான் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அழுக்கைத்தான் எடை போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த இலாகாக்காரங்களுக்கு நான் பிரஷ் போடறது தெரியும். ரெண்டாவது வாரத்துலேருந்து தெரியும்."

மண்டபத்தில் சலசலப்பு. தெருக்காரர்கள் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஒருத்தி பாவி என்றாள், காதில் விழும்படியே. பளிச்சக்கா தலையைக் குனியவில்லை. நேராக மேசைக்குப் போய், மூடியைத் திறந்து, டப்பாவை அந்த வெள்ளை விரிப்பின் மேல் கவிழ்த்தாள்.

கறுப்புக் குவியல். மேலே சுழன்ற மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் எழும்பிற்று. அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு மூக்கைப் பொத்தினார்.

"பிரஷ்ஷுல உதிர்ந்தது மட்டும்தான் இது. உதிராதது உங்ககிட்ட எடையில இருக்கு. மிச்சம் எங்க பிள்ளைங்ககிட்ட இருக்கு."

மேனேஜர் சிரித்தார். இந்த அம்மா வீட்டு அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டினால் அதற்கு ஆலை பொறுப்பா என்று தலைவரைப் பார்த்துக் கேட்டார். தலைவர் தலையாட்டினார். இதுதான் அது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். இவ்வளவுதான் பளிச்சக்கா யோசித்து வைத்திருந்தாள்.

பின்வரிசையில் இருமல் கேட்டது. வீட்டில் தினமும் கேட்கிற இருமல். உலைக்காரர் ஆலை ஆட்களைத் தாண்டி நடந்துவந்தார். மேனேஜர் முறைத்ததை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்துக்கொண்டேதான் வந்தார். சட்டைப்பையிலிருந்து அந்த ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்தார். துடைத்துச் சுத்தமாக இருந்தது. குவியலுக்குள் வைத்து எடுத்தார். கறுப்பாகத் தாடி முளைத்து வந்தது.

"அடுப்புச் சாம்பல் இப்படி ஒட்டாதுங்க" என்றார் தலைவரிடம். "இது இரும்பு. இருபத்தொரு வருஷமா உலை முன்னாடி நான் பெருக்கி அள்ளறது இதைத்தான். எனக்குத் தெரியாதா?"

காந்தத்தை மேனேஜர் முன்னால் வைத்தார். சாமான் அறை வேலையையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

விரிப்பில் கறுப்பு பரவிக்கொண்டிருந்தது. "முதல்ல இதைத் துடைங்கப்பா" என்று தலைவர் மண்டப ஊழியரைக் கூப்பிட்டார். அவர் ஈரத்துணியோடு ஓடிவந்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் பளிச்சக்காவின் கை தானாக நீண்டது. அவள் துவைத்த விரிப்பு, அவள் கொட்டிய அழுக்கு. வாழ்நாளில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊழியர் குனிந்தார். பளிச்சக்கா இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துடைக்காதீங்க. எடை போடுங்க."

ஊழியர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அதிகாரியைப் பார்த்தார். உலைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டு மகளை உட்கார வைத்தார். தெருக்காரர்களில் முதலில் எழுந்துவந்தது பாவி என்று சொன்னவள்தான். பெண்ணின் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பளிச்சக்கா இரண்டு கையையும் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தராசு வரும்வரை அந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.